சாக்லேட் உடம்பு

எங்கள் தெருவில் இரண்டு கட்சி இருக்கிறது. சாக்லேட் தின்றதால்தான் எனக்கு இப்படி ஆயிற்று என்பது ஒரு கட்சி. கடைசியில் சாக்லேட்டை நிறுத்தியதால்தான் ஆயிற்று என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட என்னிடம் வந்து கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். டாக்டர் சொன்னதைக் காதால் கேட்டவளும் நான். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாவது வரைக்கும் படித்த படிப்பு இதற்காவது உதவட்டும்.

என் வீட்டுக்காரர் கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பருப்பு, புளி, வத்தல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் பிஸ்கட்டுக்கும் டின் பாலுக்கும் என்று ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. மெட்ராஸிலிருந்து வரும் சேல்ஸ்மேன் ஒருவர் அந்த அலமாரியில் சாக்லேட்டைக் கொண்டுவந்து வைத்தார். கூடவே ஒரு கட்டு நோட்டீஸ். தேக புஷ்டி, ரத்த விருத்தி, நரம்புத் தெம்பு, கர்ப்பிணிகளுக்குக் கைகண்ட ஊட்டம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யுத்தத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சோறு தண்ணி இல்லாமல் இதைத் தின்றே சண்டை போட்டார்கள் என்று வாயாலும் சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் யாரையும் லேசில் நம்பமாட்டார். தராசு முள்ளையே இரண்டு தரம் பார்க்கிற ஆள். ஆனால் அச்சில் வந்துவிட்டால் நம்பிவிடுவார்.

எங்கள் ஊர் வெயிலில் சாக்லேட் நிற்காது. பங்குனி பிறந்துவிட்டால் தாளுக்குள்ளேயே கூழாகிவிடும். தண்ணீர்ப் பானைக்கு அடியில் கொட்டியிருக்கும் ஈர மணலில் ஒரு தகர டப்பாவைப் புதைத்து அதற்குள் வைத்திருப்பார். அப்படியும் உருகி இறுகி, மேலே வெள்ளையாகப் பூத்துப்போகும். பூசணம் பிடித்தது என்று அதை யாரும் வாங்கமாட்டார்கள். வாங்காததெல்லாம் எனக்கு வந்தது.

கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து நான் உண்டாகியிருந்தேன். அந்த நாலு வருஷமும் என் காதில் விழுந்த பேச்சை இங்கே எழுதப்போவதில்லை. பிறந்ததிலிருந்தே ஒல்லி. நாகலாபுரத்தில், என் பிறந்த ஊரில், பருத்திமார் என்றுதான் கூப்பிடுவார்கள். பருத்தி எடுத்து முடிந்ததும் காட்டில் நிற்கிற காய்ந்த குச்சிக்கு அந்தப் பெயர். அந்தக் குச்சியில் காய் பிடிக்காது என்று இங்கே வந்த பிறகும் சொன்னவர்கள் உண்டு.

மசக்கை என்னைப் போட்டு வதைத்தது. சோற்று ஆவி பட்டாலே குமட்டும். ஒரு நாள் அவர் பூத்துப்போன சாக்லேட்டில் ஒரு துண்டு ஒடித்துக் கையில் கொடுத்தார். தின்றுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாந்தி வரவில்லை.

“தங்கிட்டா?” என்று கேட்டார்.

“தங்கிட்டு.”

“நோட்டீஸ்லயே போட்டிருக்கானே” என்றார். அவரே கண்டுபிடித்த மாதிரி ஒரு சந்தோஷம் அவர் முகத்தில்.

அதற்குப் பிறகு சோறு கொஞ்சமும் சாக்லேட் கொஞ்சமுமாக நாள் போயிற்று. ஐந்தாம் மாதம் தாண்டியதும் என் முகம் மாறியது. குழிவிழுந்த கன்னம் மேடு தட்டியது. கழுத்தெலும்பு மறைந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியக்காதான் முதலில் பார்த்தாள்.

“என்னட்டி, ஒடம்பு பூசினாப்ல ஆயிட்டு? என்னத்தத் திங்கே?”

“சாக்லேட்டு” என்றேன்.

“அதுல இம்புட்டு இருக்கா?”

அவ்வளவுதான். தெரு முழுக்கப் பரவிவிட்டது. சாக்லேட் உடம்பு என்று எனக்குப் புதுப் பெயர். கடைக்கு வருகிறவர்கள், “அண்ணாச்சி, ஒங்க வீட்ல மதினி திங்குதாவளே, அதுல ரெண்டு குடுங்க” என்று கேட்டு வாங்கினார்கள். ஒல்லிப் பிள்ளைகளுக்கு வாங்கினார்கள், வயசுக்கு வந்த பெண்களுக்கு வாங்கினார்கள். நான் மார்க்கெட் பக்கம் நடந்தால் அன்றைக்கு வியாபாரம் தூக்கும் என்று அவர் கேலி செய்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்னைப் பார்த்து யாரும் ஐயோ பாவம் என்று சொல்லாத காலம் என் ஆயுசில் அது ஒன்றுதான். கண்ணாடியில் முகத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.

கால் வீங்கியது. மெட்டியைக் கழற்ற முடியவில்லை. அத்தைக்கு அதுவும் சந்தோஷம்.

“கால் வீங்குனா ஆம்பளப் பிள்ளதான். இவனச் சொமக்கும்போது எனக்கும் இப்படித்தான் இருந்துது” என்றாள்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பெற்ற மகளைப் போலத்தான் பார்த்தாள். தலை வலிக்கிறது என்றால் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவாள். கண்ணுக்கு முன்னால் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் பறக்கிறது என்றால் சூடு என்று உச்சியில் எண்ணெய் வைப்பாள். ஊறுகாய், மோர்மிளகாய், கருவாடு என்று நாக்கு கேட்டதெல்லாம் வாய் திறக்கும் முன்னே தட்டுக்கு வந்தது. ஆஸ்பத்திரி என்ற பேச்சே எழவில்லை. அது உடம்பு சரியில்லாதவர்கள் போகிற இடம். எனக்குத்தான் ஊரே மெச்சுகிற உடம்பு இருந்ததே.

ஏழாம் மாதம் ஒரு காலையில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். தலைவலி மண்டையைப் பிளந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியைச் சொன்னவர்கள் மற்றவர்கள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்ததாம். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தமாம். வலிப்புக்கு இரும்பு பிடிக்க வேண்டும் என்று அத்தை சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறாள். கடையிலிருந்து அவர் ஓடிவந்து, குதிரை வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டு, எங்கள் ஊர் டாக்டரம்மாவிடம் கொண்டுபோனார்.

அந்த அம்மா என் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினாராம். தெளிவாக இருந்தது கொதித்ததும் முட்டை வெள்ளைக்கருவைப் போல் உறைந்துபோனது. ஆல்புமின் என்று அதற்குப் பெயர். ரத்தத்தில் நிற்க வேண்டிய சத்து சிறுநீரகம் வழியாக ஒழுகிப்போகிறது என்று அர்த்தம். பிறகு என் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

“இது சதைன்னா நெனச்சீங்க?” என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டிருக்கிறார். “இது தண்ணி. உடம்பு பூரா தண்ணி.”

அவர் அந்தக் குழி மேலே எழும்புமா என்று பார்த்துக்கொண்டே நின்றதாகப் பிறகு என்னிடம் சொன்னார்.

ஒரு பிளசர் காரை வாடகைக்குப் பிடித்துத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் இன்னொரு முறை இழுத்ததாம்.

எனக்கு நினைவு வந்தபோது ஒரே இருட்டு. செத்துவிட்டேன் என்றே நினைத்தேன். யாரோ என் கையைப் பிடித்துச் சோப்பு நுரை தடவி ஒவ்வொரு கண்ணாடி வளையலாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வீங்கிய கையில் வளையல் அசையாது. உடைத்துவிட்டால் நொடியில் வேலை முடியும். சுமங்கலி கையில் உடைக்கக் கூடாது என்று என் அம்மா காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறாள். நர்ஸ் கோபித்துக்கொள்ளாமல், ஒன்றுகூட விரியாமல் கழற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

எனக்கு வந்ததற்கு எக்லாம்ப்சியா என்று பெயர். கர்ப்ப ஜன்னி என்று தமிழில் சொன்னார்கள். ரத்தக் கொதிப்பு ஏறி மூளையைத் தாக்குவதால் வலிப்பு வருகிறது. வெளிச்சம் பட்டாலும் சத்தம் கேட்டாலும் மறுபடி இழுக்கும். அதனால் தனி அறை, ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. நர்ஸுகள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள். ஊசி போட்டு மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அம்மா வாசலுக்கு வெளியே தரையில் கிடந்தாள். பேசக் கூடாது, அழக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. எங்கள் வீட்டில் நாலு வீடு கேட்கப் பேசுகிறவள் அவள்தான். எனக்கு விழிப்பு வருகிற சமயம் அவள் வாயில் முந்தானையை வைத்து அடக்குகிற மூச்சு கேட்கும். நான் இருக்கிறேன் என்று சொல்ல நினைப்பேன். கடிபட்ட நாக்கு புரளாது.

அந்த அறையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பிள்ளை இருக்கிறதா? காலையிலும் மாலையிலும் அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து ஒரு மரக்குழலை என் வயிற்றில் வைத்துக் காதைக் கொடுப்பார். பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்கிற குழல் அது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “இருக்கு” என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அடுத்த வேளை வரைக்கும் கிடப்பேன். தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன். தெரியாத சாமிகளையும் விடவில்லை.

ஒரு காலையில் குழலை வைத்தவர் எடுக்கவே இல்லை. இடம் மாற்றி வைத்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு அவளையும் கேட்கச் சொன்னார். இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. குழல் வயிற்றின்மேல் அலைந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. “இருக்கா” என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும் என்று ஒரு புத்தி.

செத்த பிள்ளைக்கும் பிரசவ வலி எடுக்கத்தான் செய்கிறது. அதைப் பற்றி எழுத எனக்குத் திராணி இல்லை. ஆண் பிள்ளை. பார்க்க வேண்டாம் என்றார்கள், நான் விடவில்லை. ஒரு துணியில் வைத்துக் காட்டினார்கள். கை என் சுண்டுவிரல் பருமன்தான் இருந்தது. முகம் சுருங்கி வயசாளி முகமாக இருந்தது. எலும்புமேல் தோல், வேறொன்றும் இல்லை.

“ஏழு மாசத்துக்கு இது ரொம்பச் சின்னது” என்றார் டாக்டரம்மா. “இந்த நோவுல பிள்ளைக்கு ரத்தம் சரியாப் போகாதும்மா. நீ சாப்பிட்டது அதுக்குப் போய்ச் சேரல.”

நான் பெருத்துக்கொண்டே போன மாதங்களில் அது உள்ளே மெலிந்துகொண்டே போயிருக்கிறது. என் கன்னத்தைப் பார்த்துத் தெருவே மெச்சிய நாளெல்லாம் என் பிள்ளை பட்டினி. இதைவிடக் கொடுமையான செய்தியை இனிமேல் யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

பிள்ளை போனதும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கட்டிலுக்கு அடியில் ஒரு ஜாடி வைத்து எவ்வளவு வெளியே போகிறது என்று அளந்தார்கள். அது கூடக் கூட நர்ஸுகளுக்குச் சந்தோஷம். பொது வார்டுக்கு மாற்றிய பிறகு கண்ணாடி கேட்டு வாங்கிப் பார்த்தேன். பழைய பருத்திமார் திரும்பி வந்திருந்தாள். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் கட்டிலைத் தாண்டிப் போய்த் தேடினார்கள். அடையாளம் தெரிந்ததும், “எப்படி இருந்தவ, ஆஸ்பத்திரியில போட்டு இப்படி உருக்கிட்டாங்களே” என்றார்கள். எனக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. பேசத் தெம்பில்லாததால் பிழைத்தார்கள்.

சாப்பாட்டில் உப்பு கூடாது. உப்பு தண்ணீரைப் பிடித்து நிறுத்திவிடுமாம். உப்பில்லாத கஞ்சியை வாயில் வைத்தால் சுவரை நக்குவது மாதிரி இருக்கும். ஊசிமருந்து வாங்க வெளியே அலைந்துவிட்டு வருகிற என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அதே கஞ்சியைத்தான் குடிக்கிறார் என்று அம்மா சொன்னாள். தட்டில் ஊறுகாய் இல்லாவிட்டால் எழுந்துபோகிற மனுஷன். ஏன் இப்படி என்று கேட்டேன்.

“ஓட்டல் பண்டம் ஒத்துக்கிட மாட்டேங்குது” என்றார்.

ஒரு நாள் டாக்டரம்மா கட்டிலுக்கு வந்தபோது என் வீட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார்.

“நான் இவளுக்குச் சாக்லேட்டு குடுத்தேன், டாக்டரம்மா. தெனமும் குடுத்தேன். அதுனாலதான் இப்படி ஆச்சா?”

“இல்லை.”

“அப்ப நோட்டீஸ்ல போட்டிருக்கிற நல்லதெல்லாம்?”

“அதுல பாலும் சர்க்கரையும் கொழுப்பும் இருக்கு. வாந்தி எடுத்தவளுக்கு வயித்துல தங்கினது நல்லதுதான். அந்த மட்டும்தான் அதால முடியும். அது நோயைக் கொண்டும் வரல, பிள்ளையைக் காப்பாத்தவும் இல்ல. மிட்டாய்தானே, ஐயா. இந்த நோவு ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா வரப்போறது முன்கூட்டியே தெரியும். முகம் வீங்கும், கால் வீங்கும், தலை வலிக்கும், கண்ணுல வெளிச்சம் பறக்கும். அப்பவே வந்திருந்தா...”

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். சாக்லேட்தான் கொன்றது என்று சொல்லியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டுவதற்கு ஒன்று கிடைத்திருக்கும். ஊருக்குப் போய் மணலிலிருந்து அந்த டப்பாவைத் தோண்டி எடுத்துச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்தார் என்று அத்தை பிற்பாடு சொன்னாள். அதைப் பார்த்தவர்கள்தான் முதல் கட்சி. கடைசி வாரங்களில் சரக்கு வராமல் நான் தின்னாததைக் கேள்விப்பட்டவர்கள் இரண்டாவது கட்சி.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மறுபடி சிறுநீரைக் கொதிக்க வைத்தார்கள். கலங்கல் முழுசாகப் போகவில்லை. சிறுநீரகம் கெட்டிருக்கிறது, ஆயுசு பூரா உப்பைக் குறைக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இன்னொரு பிள்ளை உண்டானால் என் உயிருக்கு அவர் பொறுப்பில்லை என்றும் சொன்னார். என் வீட்டுக்காரரும் அத்தையும் பக்கத்தில்தான் நின்றார்கள். அத்தை என் தலையைப் பிரித்துச் சிக்கெடுத்துப் பின்னிவிட்டாள். கோவில்பட்டி வருகிற வரைக்கும் மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அது போன வருஷம். இப்போது எழுந்து நடமாடுகிறேன், சமைக்கிறேன். பிழைத்துவிட்டாள் என்கிறார்கள். எதற்காகப் பிழைத்தேன் என்று காலையில் எழுந்ததும் தோன்றும். சாயங்காலம் வரை அந்த நினைப்பு போகாது. அதற்கு மருந்து எழுதிக் கொடுக்க எந்த டாக்டரம்மாவும் இல்லை.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. பேச்சியக்காவின் மகள் ராசாத்தி தலைப்பிள்ளை உண்டாகித் தாய்வீடு வந்திருக்கிறாள். எங்கள் கடையில் இப்போது சாக்லேட் இல்லை. பேச்சியக்கா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் வாங்கிவந்து மகளுக்குக் கொடுக்கிறாள். போன வாரம் கொல்லையில் துணி காயப்போடும்போது ராசாத்தியைப் பார்த்தேன். முகம் பளபளவென்று இருந்தது. கண் இமை இரண்டும் தடித்திருந்தன.

“யக்கா, நான் எப்படி இருக்கேன்?” என்று சிரித்தாள். “அம்மா வாங்கிப் போட்ட கொலுசு ஏறவே மாட்டேங்குது.”

“தலை வலிக்குதாட்டி?” என்று கேட்டேன்.

“லேசா. வெயிலுக்கு.”

நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். “யக்கா, இது சதையில்ல. நாளைக்கே டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. நான் பட்டது போதும்” என்று சொன்னேன். பேச்சியக்கா சண்டை போடவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. மகளை அடுப்படிக்குள் போகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து வாசல் வரைக்கும் கூட்டிவந்தாள்.

“ஒன் வேதனை எனக்குத் தெரியாதா, தாயீ” என்றாள். “ஆனா வயித்துப் பிள்ளக்காரி. நீ கொஞ்ச நாளைக்கு இங்கன வராத. அவளப் பாக்கவும் பாக்காத. ஒன் கால்ல விழுந்து கேக்கேன்.”

கதவை மெதுவாகத்தான் சாத்தினாள். அன்று சாயங்காலமே கொல்லைச் சுவரில் இருக்கிற இடைவெளியைப் பனையோலை வைத்து அடைத்துவிட்டார்கள்.

ராசாத்தியின் புருஷன் கடம்பூரில் வேலை பார்க்கிறான். படித்த பையன். அவன் படிப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அச்சடித்த நோட்டீஸ் மாதிரி என்னால் கொட்டை எழுத்தில் போட முடியாது. ஆனாலும் முடிந்தவரை தெளிவாக எழுதியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் காலை பஸ்ஸில் கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று முன்வாசலில் நின்றபடி கேட்டது, அவளுக்கு வளைகாப்புக்கு நாள் குறித்துவிட்டார்களாம். தெருவில் ஒரு வீடு விடாமல் பேச்சியக்கா சொல்லிக்கொண்டு போனாள். எங்கள் வீட்டு வாசலை மட்டும் எதிர்ச்சாரியில் நடந்து கடந்துபோனாள். அவள் பின்னால் ராசாத்தியும் போனாள், செருப்பு காலில் ஏறாததால் வெறுங்காலோடு.